ஊழியம் யாருடைய வேலை?

நோயுற்றோரும் உடனிருப்போரும் சேர்ந்து படிக்க ஒரு வேதபாடம்



பொது மருத்துவப் பிரிவில் நாள்தோறும் படுக்கை படுக்கையாகச் சென்று நலம் விசாரிக்கையில், மருந்தையும் உணவையும் பற்றிய கேள்விகளுக்கு நடுவே வேறு இரண்டு பேச்சுகளும் என் செவியில் அடிக்கடி விழுகின்றன. ஒன்று, உடனிருந்து கவனிப்பவர் சொல்வது: "நாலு ஞாயிறு ஆயிற்று டாக்டர், கோயில் பக்கமே போக முடியவில்லை." மற்றது, படுத்திருப்பவர் சொல்வது: "இனி நான் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆண்டவருக்கு என்னால் என்ன ஆகப்போகிறது?"

இவ்விரண்டும் உண்மையில் ஒரே கேள்வியே. கடவுளுக்குச் செய்யும் தொண்டு எங்கே நடைபெறுகிறது? ஆலயத்திலா, அன்றாட வேலையிலா? வேலையே நின்றுபோனால் அத்தொண்டும் நின்றுபோகுமா? இவற்றைத் திருமறையின் ஒளியிலும், நம் தமிழ்நாட்டில் வாழ்ந்த சிலரின் வாழ்விலிருந்தும் சற்று நிதானமாக ஆராய்வோம். வேறு சமயத்தைச் சார்ந்த அன்பர்களும் இவ்விதழைப் படிக்கிறீர்கள். ஒரு கிறிஸ்தவ விசுவாசி தன் வேலையை எவ்வாறு நோக்குகிறான் என்பதை அறிந்துகொள்ள இப்பாடம் உங்களுக்கும் உதவும்.

1. ஒரே சொல், இரண்டு வழக்கு

நம் சபைகளில் 'ஊழியம்' என்றால் பிரசங்கம், ஜெபக்கூட்டம், சுவிசேஷப் பணி என்றே பொருள் கொள்கிறோம். வேலையை விட்டுவிட்டுப் பிரசங்கிக்கச் சென்றவரை "முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்டார்" என்கிறோம். அப்படியானால் மற்றவர்கள் பகுதிநேர ஊழியரா? அதே தமிழில்தான் அரசு ஊழியர், வங்கி ஊழியர், மருத்துவமனை ஊழியர் என்றும் வழங்குகிறோம். மொழி பிரிக்காததை நம் பழக்கம் பிரித்துவிட்டது.

திருமறையின் மூலமொழிகளிலும் இதே ஒற்றுமையைக் காணலாம். ஆதியாகமம் 2:15-இல் தோட்டத்தைப் பண்படுத்துவதற்கு வரும் எபிரெயச் சொல்லே, பிற்பாடு ஆண்டவரைச் சேவிப்பதற்கும் வருகிறது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கு உணவு பகிர்வதும் வசனத்தைப் போதிப்பதும் ஒரே கிரேக்கச் சொற்குடும்பத்தால் குறிக்கப்படுகின்றன. பந்தி பரிமாறுவதும் ஊழியம், போதிப்பதும் ஊழியம்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். மனிதன் தோட்டத்தில் வேலைக்கு வைக்கப்பட்டது பாவம் உலகில் நுழைவதற்கு முன்பு. ஆகவே உழைப்பைச் சாபம் என்று திருமறை கூறவில்லை. பாவத்தின் பின் வந்தவை முள்ளும் குறுக்கும், நெற்றி வேர்வையும், வீண் சோர்வுமே.

2. திருமறை நினைவில் வைத்திருக்கும் கைகள்

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவராகக் கூறப்படும் பெசலெயேல் ஒரு கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கலம், மணிக்கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்யும் திறமையே அவர் பெற்ற வரம். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த உடைகள். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். ஆண்டவர் இயேசுவையோ, சொந்த ஊரார் 'தச்சன்' என்றே அறிந்திருந்தனர்.

கொலோசெயர் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், எதைச் செய்தாலும் மனிதருக்கென்று அல்லாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யும்படி பவுல் அறிவுறுத்துகிறார். அதை அவர் யாருக்கு எழுதினார் என்பதை மறந்துவிடுகிறோம். பதவியில் இருந்தோருக்கு அல்ல, அடிமைகளுக்கு எழுதினார். தண்ணீர் சுமந்தோர், அடுப்பு மூட்டியோர், பிறருடைய பிணியாளரைப் பராமரித்தோர் அவர்கள். வேலையைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாய்ப்புக்கூட அற்ற அவர்களிடம்தான் அவர் அவ்வாறு கூறுகிறார்.

3. கொல்லிமலையில் பிறந்த தச்சர்

திருச்சிக்கு வடமேற்கே உள்ள கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட். அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் என்னும் ஆங்கிலேய அருட்பணியாளர்கள். படிப்புக்காகச் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பால், 1929-இல் தந்தை கொல்லிமலையில் கடுங்காய்ச்சலால் இறந்த செய்தியை அங்கிருந்தே கேட்டார். பள்ளிக்குப் பின் அவர் கற்றது கட்டடத் தொழில். தச்சு வேலையிலும் கொத்து வேலையிலும் சில ஆண்டுகள் பயின்ற பிறகே இலண்டனில் மருத்துவம் படித்தார். அத்தச்சுப் பயிற்சி வீணான ஆண்டுகள் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்கலாம்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கி இறுகிய விரல்களைக் கண்டபோது, இக்கைகளை ஆராய எலும்பு மருத்துவர் எவரும் ஏன் முன்வரவில்லை என்ற கேள்வி அவருள் எழுந்தது. தொழுநோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். பிராண்டும் உடன் பணியாற்றியோரும் பொறுமையாக ஆராய்ந்து வேறோர் உண்மையைக் கண்டனர். நோய் நரம்பைப் பாதிக்கிறது. அதனால் வலி தெரிவதில்லை. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது, கூரான கருவியை அழுத்துகிறது, புண்பட்ட பின்னும் ஓயாமல் வேலை செய்கிறது. விரல்கள் பெரும்பாலும் இழக்கப்படுவது இவ்வாறுதான். செயல்படும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவைச் சிகிச்சையை 1940-களின் இறுதியில் அவர் தொடங்கினார்.

இங்கேதான் நம் பாடத்துக்கு உரிய பகுதி வருகிறது. கை சீரானவர்களுள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். மடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டவர்கள், நேரான கையைக் கண்டதும் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நோயின் பெயரால் வேலையும் எவரும் தரவில்லை. கையைத் திருத்தியதோடு தம் கடமை முடியவில்லை என்று பிராண்ட் உணர்ந்தார். வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்னும் சிறு குடியிருப்பு உருவாயிற்று. அங்கே அவர்கள் தச்சு வேலை பயின்று மரப்பொம்மைகள் செய்தனர். எந்தப் பிடி கையைக் காயப்படுத்தும், எவ்வகைக் கருவி பாதுகாப்பானது என்பதை அறுவை மருத்துவரே பட்டறையில் நின்று கற்பித்தார். வீணென்று தோன்றிய தச்சுத் தொழில் அங்கே தன் இடத்தைக் கண்டது.

வேலை செய்வது மனித மாண்பின் ஒரு பகுதி. மற்றொருவர் மீண்டும் வேலை செய்ய வழிவகுப்பது பெரிய ஊழியம். பிராண்டின் வாழ்வு கற்பிக்கும் பாடம் இதுவே.

நீரிழிவு நோயாளரைப் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிராண்ட் கண்ட உண்மை தொழுநோய்க்கு மட்டும் உரியதன்று. நீண்டகால நீரிழிவிலும் பாதத்தின் உணர்வு மங்குகிறது. சித்திரை வெயிலில் திருவரங்கத்துப் பிரகாரக் கல்தரையில் வெறுங்காலோடு வலம் வந்து, அல்லது வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை சென்று, உள்ளங்கால் முழுதும் கொப்புளத்தோடு வந்து சேர்பவர்கள் இரு தரப்பிலும் உண்டு. நடக்கும்போது அவர்களுக்கு வலி தெரிவதில்லை. அவர்கள் பக்தியை நான் குறைகூறேன். ஆனால் உங்களுக்குக் கால் மரத்திருந்தால் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். தரை சூடா என்பதை உடன் வருபவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ பிறர் உதவியாலோ பாருங்கள். சிவந்த இடம், கொப்புளம், சிறு புண் எதுவாயினும் மறுநாளே வந்து காட்டுங்கள். உங்களைத் தாங்கும் பாதத்தைக் காப்பதும் கடவுள் தந்ததைக் காப்பதே.

4. சக்கர நாற்காலியிலிருந்து

கொச்சியில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ் வேலூரில் மருத்துவம் பயின்று அங்கேயே பணியாற்றியவர். 1954 சனவரியில் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். முகத்திலும் கடுமையான காயம். அப்போது அவருக்கு வயது 28. மருத்துவர் ஒருவர் ஒரே நாளில் நோயாளரானார்.

அடுத்த மாதங்கள் எளிதாகக் கழியவில்லை. அவர் நம்பிக்கையாலேயே எல்லாவற்றையும் உடனே வென்றுவிட்டார் என்று எழுதினால் அது உண்மையாகாது. பல அறுவைச் சிகிச்சைகளும் நீண்ட படுக்கையும் அவருக்கு நேர்ந்தன. அக்காலத்தில் அவருக்குப் புதிய வழியைச் சுட்டியவர் பால் பிராண்ட். தொழுநோயாளரின் கைக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, பிறரால் ஒதுக்கப்பட்ட கைகளைச் சீர்செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பெர்த்திலும், அமெரிக்காவில் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் தொடர்பாகப் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986-இல் மறைந்தார்.

எல்லாரும் மேரி வர்கீஸ் ஆக வேண்டும் என்பது இதன் பொருளன்று. அவர் செய்த முதற்காரியத்தைப் பாருங்கள். இழந்தவற்றைக் கணக்கிடுவதை நிறுத்தி, மிஞ்சியிருப்பவை எவை என்று பார்த்தார். இரு கைகள் இருந்தன. பக்கவாதத்துக்குப் பின் உங்களிடம் ஒரு கையும் தெளிந்த நாவும் மிஞ்சியிருக்கலாம். அந்தக் கையால் ஓர் உருண்டை சோற்றைத் தாமே எடுத்து உண்பது இன்றைய வேலையாக இருக்கலாம். அதையும் மனப்பூர்வமாகச் செய்யலாம்.

5. உடனிருப்போரின் ஊழியம்

இப்போது, நான்கு ஞாயிறு கோயிலுக்குப் போகாதவரிடம் வருவோம்.

நம் ஊரின் மலைக்கோட்டையில் கோயில் கொண்டுள்ள ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத ஒரு கர்ப்பிணிக்கு, தாயின் உருவில் தாமே வந்து பேறுகாலம் பார்த்தார் என்பது தலவரலாறு. ஆற்றுக்கு அப்பால் திருவரங்கத்தில் 'கைங்கரியம்' என்பது அன்றாடச் சொல். நந்தவனம் வைத்து மாலை கட்டியதையே தம் தொண்டாகக் கொண்ட தொண்டரடிப்பொடி ஆழ்வாரை அவ்வூர் இன்றும் போற்றுகிறது. சமய நம்பிக்கைகள் வேறு வேறு. ஆயினும் கையால் செய்யும் எளிய பணிவிடையைத் தெய்வப் பணியாக நோக்கும் பண்பு இம்மண்ணுக்குப் புதிதன்று.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு யோவான் 13-ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பாடுபடுமுன் வந்த இரவில் ஆண்டவர் மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டி, சீஷர்களின் கால்களைக் கழுவினார். அது வீட்டில் கடைநிலைப் பணியாளின் வேலை. மலப்பாத்திரம் எடுப்பவரே, படுக்கைப் புண் வராமல் இரவிலும் புரட்டிப் படுக்க வைப்பவரே, மூக்குக்குழாய் வழியே கஞ்சி செலுத்தக் கற்றுக்கொண்டவரே, அந்தத் துண்டு இப்போது உங்கள் தோளில் இருக்கிறது. மத்தேயு 25-இன்படி, நோயுற்றவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் ஏற்றுக்கொள்கிறார். ஆகவே அந்த நான்கு ஞாயிறுகளும் ஆராதனை இல்லாத ஞாயிறுகள் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அதே ஆண்டவர் சோர்ந்த சீஷர்களைத் தனியிடத்துக்கு அழைத்து இளைப்பாறச் சொன்னார். ஓய்வுநாளும் கட்டளையே. இரவு முழுதும் கண்விழித்த மருமகளை மறுநாளும் அங்கேயே இருத்திவிட்டு, அவள் பொறுமையை மட்டும் புகழ்வது அன்பன்று. மகன்களும் சகோதரர்களும் முறை வைத்துக்கொள்ளுங்கள். சபையார் ஜெபிக்க வருவதோடு, இரண்டு மணி நேரம் படுக்கையருகே அமர்ந்து அவரைக் குளித்து உண்டு வரச் செய்யுங்கள். அதுவும் ஊழியமே.

6. மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பக்தி திறமைக்கு ஈடாகாது. ஜெபித்துவிட்டுக் கையைக் கழுவாமல் காயத்தைத் தொடும் மருத்துவர் கர்த்தருக்கென்று வேலை செய்யவில்லை. அளவு பார்த்து மருந்து கொடுப்பதும், ஆய்வுக்கூடத்தில் பெயரைச் சரிபார்ப்பதும், தரையின் மூலைவரை துடைப்பதும் கடவுள் பார்வையில் நடைபெறும் வேலைகள்.

இரண்டாவது, நேர்மையில்லாத ஊழியம் ஊழியமன்று. 1762 முதல் பல ஆண்டுகள் திருச்சியில் பணியாற்றியவர் செருமானிய அருட்தொண்டர் சுவார்ட்ஸ் ஐயர். தெப்பக்குளத்தை அடுத்த கிறிஸ்து ஆலயம் 1766-இல் அவர் முயற்சியால் எழுந்தது. பின்னர் அவர் தஞ்சையில் இருந்தபோது, 1780-களில் ஹைதர் அலியுடன் நடந்த போரால் கோட்டைக்குள் உணவு தட்டுப்பட்டது. முன்பு விலை கொடுக்காமல் ஏமாற்றப்பட்ட குடியானவர்கள் நெல்லையும் மாடுகளையும் தர மறுத்தனர். பணம் கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் வாக்களித்தபோது அவற்றைக் கொண்டுவந்தனர். அவர் பிரசங்கத்தை ஏற்காதவரும் அவர் வாக்கை நம்பினர். மருத்துவமனையில் ரசீது எழுதுபவருக்கும், நோயின் நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டிய எங்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, ஊழியம் விலை பேசாது. கட்டிலில் கிடப்பவர் மறுத்துப் பேச இயலாத நிலையில் இருக்கிறார். அந்த இயலாமையைப் பயன்படுத்தி எதையும் ஏற்கச் செய்வது அன்பாகாது. நல்ல சமாரியன், அடிபட்டவனிடம் அவன் எந்த மலையில் தொழுகிறான் என்று கேட்கவில்லை. காயத்தைக் கட்டி, சத்திரத்துக்குப் பணம் கொடுத்துச் சென்றான்.

7. ஒன்றும் செய்ய இயலாதபோது

மிகக் கடினமான கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. கையும் எழவில்லை, நாவும் குழறுகிறது, மிஞ்சியது ஒன்றுமில்லை என்ற நிலையில் இருப்பவர் கடவுளுக்கு எவ்வாறு ஊழியம் செய்வார்?

யோவான் 13-ஐ மீண்டும் பாருங்கள். பேதுரு தம் கால்களைக் கழுவ விடவில்லை. பிறருக்குச் செய்துவிடலாம், பிறர் தமக்குச் செய்வதை ஏற்பதுதான் கடினம். நாற்பது ஆண்டு குடும்பத்தைத் தாங்கிய தந்தை, மகள் தம்மைக் குளிப்பாட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஆண்டவர் பேதுருவின் மறுப்பை ஏற்கவில்லை. ஏற்றுக்கொள்ளவும் கற்க வேண்டும் என்றார். அன்பை ஏற்பவர், அன்பு செய்பவருக்கு இடம் கொடுக்கிறார். அந்த மகளின் ஊழியம் தந்தையின் சம்மதத்தால்தான் நிறைவேறுகிறது.

இன்னும் ஆழமாகவும் நோக்கலாம். சுவிசேஷங்களில் ஆண்டவர் ஊர் ஊராக நடந்து, தொட்டு, குணமாக்கி, போதித்தார். கெத்செமனேக்குப் பின் அவர் ஒன்றும் செய்யவில்லை. பிடிக்கப்பட்டார், கொண்டுபோகப்பட்டார், உரியப்பட்டார். கைகள் அசைய முடியாதபடி ஆணியால் அடிக்கப்பட்டன. அவர் தாகத்துக்குக்கூடப் பிறர்தான் கொடுக்க வேண்டியிருந்தது. திருச்சபையோ அந்த அசையாத மணிநேரங்களையே அவருடைய மிகப்பெரிய செயலாக அறிக்கையிடுகிறது. அப்படியானால் அசைய இயலாத ஒரு மனிதரைப் பயனற்றவர் என்று கிறிஸ்தவன் எவ்வாறு சொல்வான்? உங்கள் மதிப்பு உங்கள் வேலையிலிருந்து வரவில்லை. நீங்கள் படைக்கப்பட்டதிலும் நேசிக்கப்படுவதிலும் இருந்து வருகிறது. வேலை அந்த அன்புக்கு நாம் தரும் மறுமொழி. மறுமொழியின் குரல் மெலியலாம், அன்பு மெலிவதில்லை.

சிந்திக்கவும் செய்யவும்

1. உங்கள் வேலைகளுள் 'இது வெறும் வேலை' என்று நினைப்பது எது? நாளை அதை ஒரு சிறு ஜெபத்தோடு தொடங்குங்கள்.

2. நோயுற்ற நீங்கள் இன்னும் செய்யக்கூடிய மூன்று காரியங்களை எழுதுங்கள், அல்லது எழுதச் சொல்லுங்கள். அவற்றுள் ஒன்றையாவது பிறர் உங்களுக்காகச் செய்ய விடாதீர்கள்.

3. உங்களால் இயலாத ஒன்றுக்கு இன்று உதவி கேளுங்கள். உதவியவருக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்.

4. உடனிருப்பவரே, இவ்வாரம் உங்களுக்குப் பதிலாக யார், எந்த நேரம் இருப்பார் என்பதைக் குடும்பத்தாரோடு பேசி முடிவு செய்யுங்கள். கூச்சம் வேண்டாம்.

5. அறையைத் துடைப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஜெபம்

ஆண்டவரே, எங்கள் கைகளுக்குப் பெலன் இருக்கும்போது அவற்றை அயலாரின் நன்மைக்கென்று பயன்படுத்தும். பெலன் குறையும்போது எங்களைத் தாங்கும் கைகளை வெட்கமின்றி ஏற்க எங்களுக்குக் கற்பியும். இரவில் கண்விழித்திருப்போருக்கு இளைப்பாறுதல் தாரும். இங்கே பணி செய்யும் எங்கள் எல்லாரையும் உண்மையும் கவனமும் உள்ளவர்களாகக் காத்தருளும். ஆமென்.